999-ஐ அழைத்தால் பிள்ளை எதை முதலில் சொல்ல வேண்டும்? மூன்றாம் ஆண்டு ஆங்கில வகுப்புக்கு யோசனை தேவை

பீடோங் ஆசிரியை எழுதியது:

வணக்கம். மலேசியா, கெடா, பீடோங் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தை ஒட்டியுள்ள தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் போதித்து வருகிறேன். அண்மையில் என் மாணவி ஒருத்தியின் வீட்டில் நடந்த நிகழ்வுதான் என்னை இங்கே எழுத வைத்தது. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றிருந்த ஒரு பிற்பகலில், வீட்டில் அவளும் பாட்டியும் மட்டும் இருந்தபோது, பாட்டி குளியலறை வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். பிள்ளை உடனே கைப்பேசியை எடுத்திருக்கிறாள். ஆனால் அவள் அழைத்தது சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் தாயை. அங்கு வேலை நேரத்தில் கைப்பேசிகளை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பதினோரு முறை அழைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் அவள் வெளியே ஓடி அடுத்த லயத்து (தோட்ட வீட்டு வரிசை) அத்தையைக் கூட்டி வந்திருக்கிறாள். நல்லவேளையாகப் பாட்டி இப்போது நலமாக இருக்கிறார்.

மறுநாள் அவளிடம், 999 என்ற அவசர உதவி எண் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். பிறகு ஏன் அழைக்கவில்லை என்று கேட்டதற்கு, "அவங்க இங்கிலீஷ்ல பேசுவாங்க, டீச்சர். எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியாது" என்றாள். அவளுக்கு ஆங்கிலம் போதிப்பவளே நான் என்பதால் அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஆம்புலன்ஸ், ஃபயர்மேன், நர்ஸ் ஆகிய சொற்களையெல்லாம் என் மாணவர்கள் படத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்வார்கள். எழுத்துப் பிழையின்றி எழுதவும் செய்வார்கள். ஆனால் சென்ற வாரம் நான் ஆபரேட்டராக நடித்து, அவர்களை அழைக்கச் சொன்னபோது, முக்கால்வாசிப் பேர் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தவர்களோ, "ஒன் டே, மை மதர் கோ டு மார்க்கெட்" என்று கதை சொல்லத் தொடங்கினார்கள். நான்கு வாக்கியம் கடந்தும் பாட்டி விழவே இல்லை. ஆறாம் ஆண்டு முடிவில் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் ஏ2 (அடிப்படை) நிலையை எட்ட வேண்டும் என்பது பாடத்திட்டத்தின் இலக்கு. என் மாணவர்கள் அதற்கு மூன்றாண்டு தொலைவில் இருக்கிறார்கள். இந்த அளவு ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எந்த வாக்கியங்களை, எந்த வரிசையில் பழக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரட்டையரின் அப்பா பதிலளித்தது:

வணக்கம், டீச்சர். உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் முதலில் அந்தப் பிள்ளையின் மனத்தில் உள்ள தவறான எண்ணத்தைத்தான் களைய வேண்டும் என்று கருதுகிறேன். 999-ஐ அழைத்தால் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. எடுப்பவர் பெரும்பாலும் மலாயில்தான் பேசத் தொடங்குவார். "தோலோங், நெனெக் சாயா பெங்சான்" என்று நான்கு மலாய்ச் சொற்களைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, பாட்டி மயங்கிக் கிடக்கிறார் என்பதைப் புரியவைக்க வேறு இலக்கணம் தேவையில்லை. ஆங்கிலமும் மலாயும் கலந்து வந்தாலும் குற்றமில்லை. இந்த இரண்டில் எது முதலில் வாயில் வருகிறதோ அதில் பேசு என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு உங்கள் ஆங்கிலப் பாடத்தைத் தொடங்குங்கள்.

மொழியைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் லயத்தில் ஒரு வீட்டின் சமையலறையில் தீப்பிடித்தபோது நான்தான் அழைத்தேன். எனக்கு மலாய் நன்றாக வரும். ஆங்கிலமும் ஓரளவு வரும். இருந்தும், இடத்தைச் சொல்ல என்னால் முடியவில்லை. தோட்டத்துக்குள் சாலைப் பெயர் ஏது? நாங்கள் பேச்சில் பயன்படுத்துவதெல்லாம் பழைய பெயர்கள்: ஆயாக் கொட்டகை மேடு, பெரட்டுக் களம், பழைய ரப்பர் ஸ்டோர். ஆயாக் கொட்டகையை இடித்தே இருபது ஆண்டுகள் ஆகின்றன; அதன் பெயரைச் சொன்னால் வெளியாளுக்கு என்ன விளங்கும்? கடைசியில் மோட்டாரில் ஒரு பையனை சிம்பாங்கிற்கு (சாலைச் சந்திப்புக்கு) அனுப்பி, விளக்கை எரியவிட்டு நிற்கச் சொல்லித்தான் போம்பா (தீயணைப்பு) வண்டியை உள்ளே கொண்டுவந்தோம்.

ஆகவே, பிள்ளைகளுக்கு முதலில் மனப்பாடமாக வேண்டியது தோட்டத்தின் பதிவுப் பெயர், அருகிலுள்ள பட்டணம், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில் உள்ள அடையாளம், வீட்டு எண் ஆகியவை. கோவிலோ பள்ளியோ அருகில் இருந்தால் அதன் முழுப் பெயரையும் சொல்லப் பழக்குங்கள். இவை எந்த மொழியில் சொன்னாலும் ஒன்றுதான்.

பழைய டிரெசர் பதிலளித்தது:

மேலே தம்பி சொன்னது முற்றிலும் சரி. தோட்ட மருத்துவமனைகள் இயங்கிய காலத்தில் நான் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவன். அந்நாளில் பிள்ளைகள் 999-ஐ அழைக்கவில்லை. என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கதவைத் தட்டிய பிள்ளை பேச வேண்டியதே இல்லை. முகத்தைப் பார்த்ததுமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். தொலைபேசியில் அந்த வசதி கிடையாது.

999-இன் இன்றைய ஏற்பாட்டைப் பற்றிப் பெற்றோருக்கும் சற்றுச் சொல்ல வேண்டும். முன்பு தீயணைப்புக்கு 994, பொதுத் தற்காப்புப் படைக்கு 991 என்று தனித்தனி எண்கள் இருந்தன. 2007ஆம் ஆண்டிலிருந்து எல்லாம் 999 என்ற ஒரே எண்ணுக்குள் கொண்டுவரப்பட்டன. எனவே, யாரை அழைப்பது என்று பிள்ளை யோசித்து நிற்க வேண்டியதில்லை. கைப்பேசியில் 112-ஐ அழுத்தினாலும் அதே இடத்துக்குத்தான் போகும். முதலில் எடுப்பவர் விவரத்தைக் கேட்டுக்கொண்டு உரிய துறைக்கு இணைப்பார். அப்போது வேறொரு குரல் வந்து அதே கேள்விகளை மறுபடியும் கேட்கலாம். பெரியவர்களே இந்த இடத்தில், "அதான் சொல்லிட்டேனே!" என்று கத்தி இணைப்பைத் துண்டித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை கேட்பார்கள், இரண்டு முறையும் பொறுமையாகச் சொல்ல வேண்டும், அவர்கள் வைக்கச் சொல்லும் வரை நீ வைக்கக் கூடாது என்பதைப் பாடத்தில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பாட்டியின் கைப்பேசி பூட்டியிருக்கும்; பிள்ளைக்குக் கடவு எண் தெரியாது. பூட்டிய திரையிலேயே அவசர அழைப்புக்கான பொத்தான் உண்டு. "எமர்ஜென்சி" அல்லது "கெசெமாசான்" என்று அங்கே எழுதியிருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் அடையாளம் காணத் தெரிய வேண்டும். ஆங்கில வாசிப்புப் பாடத்தில் இதைவிடப் பயனுள்ள ஒரு சொல் எனக்குத் தோன்றவில்லை. கைப்பேசியில் பணம் இல்லாவிட்டாலும் இந்த அழைப்பு போகும். தோட்டத்துக்குள் நம் நிறுவனத்தின் அலை எட்டாத இடத்தில் வேறொரு நிறுவனத்தின் அலை இருந்தால் அதன் வழியாகவும் போகக்கூடும்.

பிள்ளைகள் என்ன செய்யக் கூடாது என்பதையும் சொல்கிறேன், டீச்சர்; தோட்டத்தில் அதுதான் உயிரைக் காப்பாற்றும். நம் வடக்குப் பகுதியில் ரப்பர் மரத்தடிச் சருகில் படுத்துக் கிடக்கும் மலாயாக் குழிவிரியன், ஆள் நெருங்கினாலும் நகராது. மலாய்க்காரர்கள் அதை 'உலார் காப்பாக் போடோ' என்பார்கள். கடித்துவிட்டால் அதைத் தேடிப்போய் அடிக்கக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்டவர் அசையாமல் இருக்க வேண்டும். வீக்கம் ஏறும் முன் மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாற்று மருந்து அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது களைக்கொல்லி. பாராகுவாட் 2020 சனவரி முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது என்பது நல்ல செய்தி. ஆனால் மற்ற மருந்துகளை மினரல் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் தடை செய்யப்படவில்லையே! தம்பி எதையோ குடித்துவிட்டான் என்றால், தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அழைக்க வேண்டும், மருத்துவமனைக்கும் அதைக் கொண்டுபோக வேண்டும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆனால் அது பெரியவர்கள் அழைக்க வேண்டிய எண். பிள்ளைக்கு 999 ஒன்றே போதும்.

மின்சாரம் தாக்கியவரைத் தொடாதே. நீந்தத் தெரிந்தாலும் ஆற்றில் தவிப்பவரை நோக்கிக் குதிக்காதே. கம்பையோ கயிற்றையோ காலியான எண்ணெய்த் தோம்பையோ வீசு. இந்த இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை. காப்பாற்றப் போனவரையும் சேர்த்து இரண்டு உடல்களை வெளியே எடுத்த நாள்கள் எனக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன.

கூலிம் ஓய்வுபெற்ற ஆசிரியர் பதிலளித்தது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் போதித்தவன் என்ற முறையில், உங்கள் மாணவர்கள் ஏன் கதை சொல்லத் தொடங்கினார்கள் என்பதற்கு விடை எனக்குத் தெரியும்: நாம்தான் அப்படிப் பழக்கினோம். கட்டுரை என்றால் "லாஸ்ட் சண்டே" என்று தொடங்கி, வானிலையைச் சொல்லி, யார் யார் உடன் வந்தார்கள் என்று சொல்லி, கடைசிப் பத்திக்கு முன்புதான் விபத்தை நடக்கவிட வேண்டும் என்று நாமே கற்றுக்கொடுத்தோம். அவசர அழைப்பு இதற்கு நேர் எதிரானது. முடிவு முதலில் வர வேண்டும். இடம் அதற்கும் முன்னால் வர வேண்டும். ஏனெனில் இணைப்பு நடுவில் அறுந்துவிட்டாலும் இடம் தெரிந்திருந்தால் யாரையாவது அனுப்ப முடியும், பாட்டியின் நிலை மட்டும் தெரிந்திருந்தால் எங்கே அனுப்புவது?

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் கூடுதலாக ஒரு தடை உள்ளது. நம் மொழியில் வினை இறுதியில் நிற்கும். பாட்டி, குளியலறையில், காலையிலிருந்து சாப்பிடாமல், தலை சுற்றி என்றெல்லாம் சொல்லிவிட்டுத்தான் விழுந்ததைச் சொல்வோம். ஆங்கிலத்தில் விழுந்ததை இரண்டாம் சொல்லாகவே சொல்லிவிடலாம். எனவே "கிராண்ட்மா ஃபெல்" என்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள். "கிராண்ட்மா ஃபால்" என்று வந்தாலும் திருத்தாதீர்கள். காலம் பிழைத்ததால் ஆம்புலன்ஸ் வராமல் போவதில்லை. ஆனால் ஆசிரியர் நடுவில் திருத்திய பிள்ளை அடுத்த முறை வாயைத் திறப்பதில்லை. நான் இளம் ஆசிரியராக இருந்தபோது இந்தத் தவற்றைத் தொடர்ந்து செய்தவன்.

திருத்தியே ஆக வேண்டியவை சில உண்டு. அவை பொருளை மாற்றிவிடும் உச்சரிப்புகள். பாம்பு கடித்தது என்பதைக் குறில் ஒலியில் "பிட்" என்று சொல்ல வேண்டியதை, நம் பிள்ளைகள் பலர் நெடிலாக்கி "பீட்" என்று சொல்வார்கள். கேட்பவருக்கு யாரோ யாரையோ அடித்ததாகத் தோன்றும். அதுபோல "பிரீதிங்", "பிளீடிங்" என்ற இரண்டும் பயத்தில் ஒன்றுபோல ஒலிக்கும். முன்னது மூச்சு, பின்னது இரத்தப்போக்கு. ஆபரேட்டர் அநேகமாகக் கேட்கப்போகும் கேள்வியே மூச்சு இருக்கிறதா என்பதுதான். ஆகையால் "இஸ் ஷி பிரீதிங்?" என்ற கேள்வியைக் கேட்டதும் பிள்ளை பாட்டியின் மார்பைப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகு "யெஸ்" அல்லது "நோ" சொல்ல வேண்டும். கேள்வி புரியாவிட்டால் "யெஸ்" சொல்லித் தப்பிக்கும் பழக்கம் நம் வகுப்புகளில் உண்டு. இங்கே அது ஆபத்து. "ஐ டோன்ட் அண்டர்ஸ்டேண்ட். ப்ளீஸ் ஸே அகெய்ன்" என்ற இரண்டையும் வெட்கமின்றிச் சொல்லப் பழக்குங்கள்.

நடிப்பைப் பொறுத்தவரை, உங்கள் முகம் தெரியும்படி நடித்ததும் ஒரு குறைதான். பிள்ளைகள் கையைக் காட்டுவார்கள், தரையைக் காட்டுவார்கள். நீங்களும் புரிந்துகொண்டு தலையசைத்திருப்பீர்கள். இருவரும் முதுகோடு முதுகு வைத்து உட்காருங்கள். அல்லது நீங்கள் வகுப்புக்கு வெளியே சன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு பேசுங்கள். பயிற்சிக்கு மின்கலம் கழற்றிய பழைய தொலைபேசியை மட்டும் பயன்படுத்துங்கள்; உண்மையான கைப்பேசியில் 999-ஐ அழுத்திப் பார்க்க எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். விளையாட்டு அழைப்பு சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அந்த நேரத்தில் உண்மையான அழைப்பு ஒன்று காத்திருக்கக்கூடும்.

மூடா ஆற்றங்கரையாள் பதிலளித்தது:

எல்லாரும் தொலைபேசியைப் பற்றியே பேசுவதால் நான் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊர் கோத்தா கோலமூடாவுக்கு அருகில் உள்ளது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் நாட்டில் கடுமையாகத் தாக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அதே நாளில், தாய்லாந்தின் பூக்கெட் தீவில் மாய் காவ் கடற்கரையில், டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி தன் குடும்பத்தோடு நடந்துகொண்டிருந்தாள். கடல் வழக்கம்போல வந்து வந்து போகாமல் நுரைத்துக்கொண்டு உள்ளேயே ஏறி வருவதைக் கண்டதும், இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்த ஆழிப்பேரலையின் அறிகுறி அதுதான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

இந்தக் கதையைப் பள்ளிகளில் சொல்லும்போது, அவள் படித்ததை நினைவில் வைத்திருந்தாள் என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. பெற்றோர் முதலில் அவளை நம்பவில்லை; கடலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அவள் விடவில்லை; கத்தினாள், அடம்பிடித்தாள். இறுதியில் தந்தை காவலாளியிடம் போய்ச் சொன்னார். கடற்கரை காலி செய்யப்பட்டது. ஏறத்தாழ நூறு பேர் தப்பித்ததாகச் செய்திகளில் வந்தது.

நம் வீடுகளில் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசும் பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அதிகப்பிரசங்கி. "அப்பா, கேஸ் வாடை வருது" என்று ஒரு முறை சொல்லி, "போய்ப் படி" என்று பதில் வந்தால், நல்ல பிள்ளை போய்ப் படிக்கத்தான் செய்யும். டீச்சர், உங்கள் பாடத்தில் "ப்ளீஸ் லிசன் டு மீ" என்ற வாக்கியத்தையும் சேருங்கள். அதை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சற்று உரக்கச் சொல்லப் பழக்குங்கள்; ஒரு பெரியவர் கேட்கவில்லையென்றால் வேறொரு பெரியவரிடம் போகச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தைத் தமிழில் வீட்டிலும் சொல்லலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நல்லது.

பீடோங் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரங்களாக முயன்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் நாள் ஆங்கிலமே பேசவில்லை. மலாயிலும் பேசலாம் என்று சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு, அந்த மாணவி மட்டும் "நெசமாவா, டீச்சர்?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு ஒவ்வொருவரும் தம் வீடு இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும் என்றேன். இருபத்திரண்டு பேரில் வீட்டு எண் தெரிந்தவர்கள் ஆறு பேர். எண்ணைக் கேட்டு வரச் சொல்லி அனுப்பியபோது, பல வீடுகளில் எண்ணே அழிந்துபோயிருப்பது தெரியவந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஒரு டின் வெள்ளைச் சாயம் வாங்கித் தந்தார். சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டு லயங்களுக்கு எழுதி முடித்துவிட்டார்கள். ஆங்கிலப் பாடம் இப்படிச் சாயம் அடிப்பதில் போய் முடியும் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாம் வாரம் கூலிம் ஐயா சொன்னபடி சன்னலுக்குக் கீழே நின்றேன். வெயில் தலையைப் பிளந்தது, ஆனால் பலன் இருந்தது. இடம், நடந்தது, யாருக்கு என்ற வரிசையில் மூன்று குட்டி வாக்கியங்களைப் பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். "ஐ டோன்ட் அண்டர்ஸ்டேண்ட்" என்பதை வேண்டுமென்றே சொல்லவைப்பதற்காக நான் மிக வேகமாகப் பேசினேன். முதலில் மௌனம், பிறகு ஒருவன் சொன்னான், பிறகு எல்லாரும் சொல்லத் தொடங்கி, புரிந்த கேள்விக்கும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். இது இன்னும் கட்டுக்குள் வரவில்லை. பூட்டிய திரையின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து 'எமர்ஜென்சி' என்ற சொல்லைத் தேடவைத்தது எல்லாவற்றையும்விட எளிதாக இருந்தது.

நேற்று அந்த மாணவியின் முறை வந்தது. தோட்டத்தின் பெயர், பீடோங், மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால், வீட்டு எண் என்று சரளமாகச் சொன்னாள். "கிராண்ட்மா ஃபால். நோ டாக்கிங். எஸ், பிரீதிங்" என்றாள். திருத்தாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன். அடுத்து, "ஹவ் ஓல்ட் இஸ் யுவர் கிராண்ட்மா?" என்று கேட்டேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வெரி ஓல்ட்" என்றாள். வகுப்பே சிரித்துவிட்டது. வயதை எண்ணில் சொல்லப் பழக்க வேண்டுமா, டிரெசர் ஐயா?

பழைய டிரெசர் பதிலளித்தது:

வேண்டாம், டீச்சர். அந்தப் பதிலே போதும். அந்தப் பாட்டிக்கே தன் பிறந்த ஆண்டு சரியாகத் தெரியுமோ என்னவோ. என் பதிவேட்டில் பாதிப் பேருக்கு நான் அப்படித்தான் குத்துமதிப்பாக எழுதி வைத்திருந்தேன். அவளிடம் இன்னும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அழைத்து முடித்த பிறகு வாசல் கதவைத் திறந்து வைப்பாளா? வீட்டில் நாய் இருந்தால் அதைக் கட்டுவது யார்?